லீவு போட்ட புட்டமும் ஓவர்டைம் பார்க்கும் முதுகும்

முதல்ல ஒரு வார்த்தையைப் பேசித் தீர்த்துடுவோம்: புட்டம். சிரிச்சு முடிச்சாச்சா? சரி, விஷயத்துக்கு வருவோம். பாடப்புத்தகத்துல இதுக்கு பிட்டம், புட்டம்னு பேரு. வீட்டுல 'பின்பக்கம்'. ஊர்ல சொல்ற வார்த்தையை இங்க போட்டா ஃபேகல்டி அட்வைசர்கிட்ட இருந்து மெயில் வரும். ஜிம்முக்குப் போறவங்க மட்டும் 'குளூட்ஸ்'னு இங்கிலீஷ்ல சொல்லித் தப்பிச்சுடுறாங்க.

நம்ம உடம்புலயே பெரிய தசை இங்கதான் இருக்கு. ஆனா பேர் சொல்லவே கூச்சப்படுறதால, வலின்னு வரும்போது இதை யாரும் விசாரிக்கிறது இல்ல. முதுகு வலிச்சா முதுகுக்குத் தைலம், முதுகுக்கு பெல்ட், முதுகுக்கு ஸ்கேன். என் கருத்து இதுதான்: கீழ்முதுகு வலின்னு நாம சொல்றதுல ஒரு பங்கு முதுகோட தப்பு இல்ல. கீழே இருக்கிற தசை தன் வேலையைச் சரியாச் செய்யாததால, முதுகு இழுத்துப் போட்டுக்கிட்ட வேலையோட விளைவு. க்ரூப் ப்ராஜெக்ட்ல நாலு பேர் பேரு இருக்கும், கோட் எழுதுறது ஒருத்தன், ரிவ்யூ அன்னைக்குக் காய்ச்சல்ல படுக்கிறதும் அவனே. முதுகு அந்த ஒருத்தன்.

அது என்னதான் செய்யுது?

மூணு அடுக்குத் தசை. மேல தெரியுற பெருசு குளூட்டியஸ் மேக்சிமஸ். அதுக்கு அடியில பக்கவாட்டுல மீடியஸ், அதுக்கும் அடியில மினிமஸ்.

மேக்சிமஸோட வேலை தொடையைப் பின்னாடி தள்ளுறது. சேர்ல இருந்து எழுந்திரிக்க, படி ஏற, ஓட, குனிஞ்சு நிமிர இது வேணும். ஒரு ஆச்சரியமான விஷயம்: சமதளத்துல சாதாரணமா நடக்கும்போது இதுக்குப் பெருசா வேலையே இல்ல. ஹார்வர்டுல டேனியல் லீபர்மனும் அவர் குழுவும் 2006ல வெளியிட்ட ஆய்வுல, நடக்கும்போது கிட்டத்தட்ட சும்மா இருக்கிற இந்தத் தசை ஓடும்போதுதான் நல்லா முறுக்கிக்குதுன்னு அளந்து காட்டினாங்க. அதனால "தினமும் பிளாக்குக்கும் கேன்டீனுக்கும் நடக்கிறேனே"ன்னு சொல்லிச் சமாதானம் ஆக முடியாது. லிஃப்ட்டை விட்டுட்டுப் படியில ஏறினாத்தான் அதுக்கு அட்டெண்டன்ஸ்.

மீடியஸோட வேலை வேற. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் கொஞ்ச நேரம் நாம ஒத்தைக்காலில்தான் நிக்கிறோம். அப்ப மறுபக்க இடுப்பெலும்பு கீழ சாஞ்சிடாமப் பிடிச்சு நிறுத்துறது இதுதான். இது பலவீனமா இருந்தா இடுப்பு ஒரு பக்கமாச் சரியும்னு ஜெர்மன் சர்ஜன் ஃப்ரீட்ரிக் ட்ரெண்டலென்பர்க் 1895லயே எழுதிட்டார். ஒத்தைக்காலில் நிக்க வச்சுப் பார்க்கிற அந்தச் சோதனைக்கு இன்னைக்கும் அவர் பேருதான்.

இதுக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம்? இடுப்பு மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும் மாதிரி. முன்பக்கம் 120 டிகிரி வரை மடங்கும். கீழ்முதுகுல 5 எலும்பு, அஞ்சும் சேர்ந்தே 50, 60 டிகிரிதான் முன்னாடி மடங்கும். பெரிய அசைவுக்குச் செஞ்ச மூட்டு இடுப்பு. முதுகு நிலையா நிக்கச் செஞ்ச தூண். இடுப்பை அசைக்கிற மோட்டார் புட்டத்தசை. மோட்டார் வீக்கா இருந்தா, இடுப்புல நடக்க வேண்டிய அசைவைத் தூண் வளைஞ்சு செஞ்சு கொடுக்கும். தமிழ்ல விலாவுக்குக் கீழ இருந்து தொடை வரைக்கும் எல்லாத்தையும் 'இடுப்பு'ன்னு ஒரே வார்த்தையில சொல்லிடுறோம். அதனால எது மூட்டு, எது தூண்னு நமக்கே குழப்பம்.

ஒரு சின்னக் கணக்கு

இன்ஜினியரிங் பத்திரிகையில ஃப்ரீ பாடி டயகிராம் இல்லாமலா? முதல் வருஷ மெக்கானிக்ஸ் போதும்.

60 கிலோ ஆள் ஒருத்தர் காலை மடக்காம இடுப்பளவு குனிஞ்சு 15 கிலோவைத் தூக்குறார்னு வைங்க. மேல் உடம்பு சுமார் 35 கிலோ, அதாவது 350 நியூட்டன். அதோட எடை மையம் கீழ்முதுகுல இருந்து 30 செ.மீ. தள்ளி. 350 பெருக்கல் 0.3, 105 நியூட்டன் மீட்டர். கையில இருக்கிற 150 நியூட்டன் 40 செ.மீ. தள்ளி, அது ஒரு 60. மொத்தம் 165. இதை எதிர்த்துப் பிடிக்கிற முதுகுத் தசைக்கு நெம்புகோல் நீளம் வெறும் 5 செ.மீ. 165ஐ 0.05ஆல வகுத்தா 3300 நியூட்டன். தூக்கினது 15 கிலோ, கடைசி டிஸ்க் மேல விழுந்தது 330 கிலோ எடைக்குச் சமம். வேலையிடத்துல டிஸ்க் மேல 3400 நியூட்டனுக்கு மேல போகக் கூடாதுன்னு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் 1981ல ஒரு எல்லை வச்சது. நாம ஒரு சின்ன மூட்டையிலேயே அதைத் தொட்டுட்டோம்.

இதே சுமையைக் காலை மடக்கி, உடம்போட ஒட்டிப் பிடிச்சு எழுந்திரிச்சா அந்த 40 செ.மீ. பாதியாகும், மேல் உடம்போட 30 செ.மீ.யும் குறையும். சொல்றது சுலபம். ஆனா அப்படி எழுந்திரிக்கத் தேவையான தள்ளு தொடையும் புட்டமும் கொடுக்கணும். அதுக்குத் தெம்பு இல்லைன்னா, அல்லது பத்தாவது தடவையில களைச்சிட்டா, உடம்பு தானாவே குனிஞ்சு தூக்குற பழைய வழிக்குப் போயிடும். "காலை மடக்கித் தூக்கு"ன்னு போஸ்டர் ஒட்டிட்டு அந்தக் காலுக்குப் பலம் கொடுக்கலைன்னா போஸ்டர் போஸ்டராவே இருக்கும்.

மீடியஸ் கணக்கும் பாருங்க. ஒத்தைக்காலில் நிக்கும்போது தாங்க வேண்டியது சுமார் 50 கிலோ, 10 செ.மீ. தள்ளி. மீடியஸோட நெம்புகோல் 5 செ.மீ. தான். அப்ப ஒவ்வொரு அடிக்கும் 100 கிலோ இழுவை. அது முடியலைன்னா உடம்பைச் சாச்சு நடப்போம், அதுக்குக் கீழ்முதுகோட பக்கவாட்டுத் தசை ஒவ்வொரு அடியிலயும் ஈடு கொடுக்கும். ஒரு நாளைக்கு எத்தனை அடின்னு உங்க ஃபோன்லயே இருக்கு.

கரிசல் காட்டுல குனியும் முதுகு

எங்க ஊர் எப்போதும்வென்றான். மதுரையில இருந்து தூத்துக்குடி போற நாலுவழிச்சாலையில எட்டயபுரம் தாண்டி வரும். பேரைக் கேட்டதும் எல்லாரும் "செம கெத்து மக்கா"ன்னு சொல்லுவாங்க. அந்த ஊர்ல நாப்பது வயசு தாண்டின அக்காமாரு, சித்திமாருகிட்ட இடுப்பைப் பத்திக் கேட்டுப் பாருங்க, வென்றது யாருன்னு தெரியும்.

ஐப்பசி மழையை நம்பி உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி போடுற மானாவாரி பூமி. விதைச்சது முளைச்சதும் களையும் கூடவே முளைக்கும். காலை நீட்டி நின்னபடி இடுப்பை ஒடிச்சுக் குனிஞ்சு, நிரை நிரையாப் போகணும். ஈரக் கரிசல் கால்ல அப்பிக்கிட்டு ஒவ்வொரு அடியும் கனக்கும். வீட்டுக்கு வந்தா தண்ணி. 15 லிட்டர் குடத்தை இடது இடுப்புல வச்சா, வலது கால் ஊனுற ஒவ்வொரு அடியிலயும் வலது மீடியஸுக்குச் சுமை கூடும். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு வேற விதம்: தரையில உக்காந்தபடியே மணிக்கணக்கு.

இங்க உங்களுக்கு ஒரு கேள்வி வரணும். "நாள் பூரா உடம்பு உழைக்கிறவங்களுக்கு எப்படித் தசை பலவீனமாகும்? அது நம்மள மாதிரி உக்காந்தே கிடக்கிறவங்க பிரச்சினை இல்லையா?" நியாயமான கேள்வி. பதில் ரெண்டு பகுதி.

ஒண்ணு, குனிஞ்சே இருக்கிறது தசைக்குப் பயிற்சி இல்ல. ஃப்ளாய்ட், சில்வர்னு ரெண்டு பேர் இங்கிலாந்துல 1950கள்ல முதுகுத் தசையோட மின் சைகையை அளந்தாங்க. குனிய ஆரம்பிக்கும்போது தசை வேலை செய்யுது. முழுசாக் குனிஞ்சதும் அது அடங்கிப் போகுது. சுமை தசையை விட்டுட்டு, எலும்பை எலும்போட கட்டுற நார்கள் மேலயும் டிஸ்க் மேலயும் இறங்கிடுது. மெட்டீரியல் சயின்ஸ்ல க்ரீப் படிச்சிருக்கோம்ல? நிலையான சுமை, நேரம் ஆக ஆக நீளும். அந்த நார்களுக்கும் அதேதான். ரெண்டு மணி நேரம் குனிஞ்சுட்டு நிமிர்ந்த உடனே அது தளர்ந்து கிடக்கும். அந்த நேரத்துலதான் "இந்த மூட்டையக் கொஞ்சம் தூக்கி விடுத்தா"ன்னு குரல் வரும்.

ரெண்டு, உழைப்பு வேற, பயிற்சி வேற. பயிற்சின்னா சுமை கொஞ்சம் கொஞ்சமாக் கூடும், நடுவுல ஓய்வு இருக்கும், தட்டுல புரதம் இருக்கும். காட்டு வேலையில சுமை வருஷம் பூரா ஒரே மாதிரி, ஓய்வு வேலை கொடுக்கிறவர் கையில, நல்ல பங்கு முட்டையும் மீனும் வீட்டுல மத்தவங்க தட்டுக்குப் போகும். வயசு கூடக் கூடத் தசை தானாவும் குறையும். உழைக்கிறவங்களுக்குத் தேவை இன்னும் அதிக உழைப்பு இல்ல. "வேலை செய்ற உடம்புக்கு எக்சர்சைஸ் எதுக்கு"ன்னு நாம சொல்ற வசனம்தான் அவங்களை ஊசிக்கும் மாத்திரைக்கும் அனுப்புது.

ரீல்ஸ் சொல்றதும் ஆராய்ச்சி சொல்றதும்

இந்த இடத்துல ஒரு பிரேக். "உன் குளூட்ஸ் தூங்கிடுச்சு, இந்த ஒரு எக்சர்சைஸ் செஞ்சா முதுகுவலி காலி"ன்னு ஒரு ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. கனடாவுல வாட்டர்லூ பல்கலைக்கழகத்துல இருந்த ஸ்டூவர்ட் மெக்கில் 'புட்ட மறதி'ன்னு பொருள் வர்ற ஒரு சொல்லைப் பிரபலமாக்கினார். அது ஒரு உவமை. நரம்பு ஆரோக்கியமா இருக்கிற யாருக்கும் தசை நிஜமாவே ஆஃப் ஆகிடாது. பலம் குறையும், நேரத்துக்கு வேலைக்கு வராது, சீக்கிரம் களைக்கும். அவ்வளவுதான்.

ஆராய்ச்சி என்ன சொல்லுது? ஐரோப்பிய முதுகெலும்பு ஆய்விதழ்ல 2016ல நிக்கோலஸ் கூப்பர் குழு ஒரு ஒப்பீடு வெளியிட்டது. நாள்பட்ட கீழ்முதுகு வலி இருக்கிறவங்ககிட்ட, வலி இல்லாதவங்களைவிட மீடியஸ் பலவீனம் அதிகமா இருந்துச்சு. ஆனா எது முதல்ல? தசை வீக்கானதால வலியா, வலியால அசையாம இருந்து தசை வீக்காச்சா? ஒரு நேரத்துல எடுத்த அளவை வச்சு இதைச் சொல்ல முடியாது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சார் கத்தின 'தொடர்பு வேற, காரணம் வேற' இங்கயும் பொருந்தும். ரெண்டும் சேர்ந்த ஒரு சுழற்சியாப் பார்க்கிறது சரியா இருக்கும்: வலி வந்தா அசைய மாட்டோம், அசையாட்டி பலம் போகும், பலம் போனா அடுத்த வலி சுலபமா வரும். சுழற்சியை எங்கயாவது ஒரு இடத்துல உடைக்கணும்னா, நம்ம கைக்கு எட்டுற இடம் தசைதான். அதனாலதான் இதுக்காக வாதாடுறேன், இது மட்டுமே காரணம்னு சொல்றதுக்காக இல்ல. தூக்கம், மன அழுத்தம், உடல் எடை, செய்ற வேலை எல்லாத்துக்கும் பங்கு உண்டு.

பெல்ட்டும் ஸ்கேனும்

உலகத்துல கீழ்முதுகு வலியோட இருந்தவங்க 2020ல 61.9 கோடி பேர். 2050ல 84.3 கோடி ஆகலாம்னு கணக்கு. இதுல பெரும்பாலானவங்களுக்கு, சுமார் 90 சதவீதத்துக்கு, 'இந்த ஒரு எலும்பு, இந்த ஒரு டிஸ்க்'னு கை காட்டுற மாதிரி காரணம் கிடைக்காது.

ஆனா நமக்குக் காரணம் வேணும், அதுவும் படத்தோட. உடனே எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்ல 'டிஸ்க் தேய்மானம்'னு வரும். வீடே அழும். 2015ல வந்த ஒரு தொகுப்பு ஆய்வைப் படிங்க: வலியே இல்லாத 20 வயசுக்காரங்கள்ல 37 சதவீதம் பேருக்கு ஸ்கேன்ல டிஸ்க் தேய்மானம் தெரிஞ்சுது. 80 வயசுல 96 சதவீதம். நரை மாதிரி அதுவும் ஒண்ணு. 'ஜவ்வு விலகிடுச்சு, இனிமே குனியவே கூடாது'ன்னு பயந்து அசையாமக் கிடந்தா, மேல சொன்ன சுழற்சி ஜோராச் சுத்தும்.

2023 டிசம்பர்ல உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு முதன்முதலா வழிகாட்டுதல் வெளியிட்டது. பரிந்துரைச்சதுல உடற்பயிற்சி, வலியைப் பத்தின புரிதல் ரெண்டும் உண்டு. வழக்கமாப் பயன்படுத்த வேண்டாம்னு சொன்னதுல இடுப்பு பெல்ட்டும், இழுவைச் சிகிச்சையும் உண்டு. நம்ம தெரு மெடிக்கல்ல ஷோகேஸ்ல தொங்குறது எதுன்னு பாருங்க.

ஒரு எச்சரிக்கை. சிறுநீர், மலம் கட்டுப்படாமப் போறது, ரெண்டு தொடைக்கும் நடுவுல மரத்துப் போறது, கால்ல பலம் குறைஞ்சுக்கிட்டே வர்றது, காய்ச்சலோட முதுகுவலி, காரணம் இல்லாம எடை குறையறது, கீழ விழுந்த பிறகு வந்த வலி: இதுல ஏதாவது இருந்தா இந்தக் கட்டுரையை மூடிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. முதல் ரெண்டும் இருந்தா அன்னைக்கே.

செய்யக் கூடியது, கேட்க வேண்டியது

நாலே நாலு போதும், வாரத்துல ரெண்டு மூணு நாள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை ஊனி இடுப்பை மேல தூக்குறது. ஒருக்களிச்சுப் படுத்து மேல்காலை நேரா உயர்த்துறது. சுவருக்கு முதுகு காட்டி ஒரு அடி தள்ளி நின்னு, முதுகை வளைக்காம, பின்பக்கம் சுவரைத் தொடுற வரைக்கும் இடுப்பைப் பின்னாடி தள்ளிக் குனியறது. படியில ஒத்தைக்காலை வச்சு ஏறி இறங்குறது. ஒவ்வொண்ணும் பத்துப் பன்னிரண்டு தடவை, ரெண்டு சுற்று. சுலபமானதும் கூட்டுங்க: ரெண்டு காலுக்குப் பதிலா ஒத்தைக்கால், வெறும் கைக்குப் பதிலா தண்ணி கேன். கூட்டலைன்னா அது பயிற்சி இல்ல, சடங்கு. பலம் கூடின வித்தியாசம் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும். செமஸ்டரைவிடச் சின்னது.

ஆனா இதை 'அவங்கவங்க பார்த்துக்கோங்க'ன்னு விட்டுட எனக்கு இஷ்டம் இல்ல.

காலேஜ்ல என்ன நடக்குது? பஸ்ல ஒரு மணி நேரம், கிளாஸ்ல ஆறு மணி நேரம், அப்புறம் பிளேஸ்மென்ட் ட்ரெயினிங், திரும்ப பஸ். மூணாவது வருஷத்துக்கு மேல விளையாட்டு பீரியட் டைம்டேபிள்ல பேருக்கு மட்டும் இருக்கு, போர்ஷன் முடிக்க அதைத்தான் முதல்ல எடுப்பாங்க. பொண்ணுங்க நிலைமை இன்னும் மோசம். பசங்க சாயங்காலம் கிரவுண்டுல ஓடுவாங்க. ஹாஸ்டல் கேட் டைமிங்கும், 'பொண்ணு எதுக்கு ஓடுது'ங்கிற பார்வையும் சேர்ந்து, எட்டாம் வகுப்போட ஓடுறதை நிறுத்தின பொண்ணுங்க நம்ம கிளாஸ்லயே நிறைய பேர். இத்தனைக்கும் ஹாக்கிக்குப் பேர் போன கோவில்பட்டிப் பக்கம் நாம. 2022 ஆசியக் கோப்பையில இந்தியாவுக்கு ஆடின மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்க்காரர். ஹாக்கி ஆடுறவங்களைக் கவனிங்க: இடுப்புல மடங்கி, முழங்காலைத் தாழ்த்தி ஓடுறாங்க. நான் மேல எழுதின எல்லாம் அந்த ஒரு நிலையில இருக்கு.

அதனால ஸ்டூடண்ட் கவுன்சில்கிட்ட மூணு கோரிக்கை. விளையாட்டு பீரியடை இறுதியாண்டு வரைக்கும் யாரும் தொடக் கூடாது. பொண்ணுங்களுக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் கிரவுண்டு தனியா ஒதுக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு மேல போற எந்த ட்ரெயினிங்லயும் நடுவுல பத்து நிமிஷம் எழுந்து நிக்க விடணும். கடைகள்ல நின்னே வேலை செய்றவங்களுக்கு உக்கார இடம் கொடுக்கணும்னு தமிழ்நாடு 2021ல சட்டமே திருத்துச்சு. உக்காந்தே கிடக்கிற நமக்கு எழுந்திரிக்க ஒரு சர்க்குலர் போதும்.

ஊருக்கு? 2021 ஆகஸ்ட் 5ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே இயன்முறை சிகிச்சையாளர் வர்ற ஏற்பாடு இருக்கு. படுக்கையில விழுந்த பிறகு வர்றதோட நிக்காம, களை எடுக்கிற பருவம் தொடங்குறதுக்கு முன்னாடி ஊர் மந்தையில வச்சு அந்த நாலு பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தா என்ன செலவு? ஒரு பாய். நம்ம என்.எஸ்.எஸ். கேம்ப் வருஷா வருஷம் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போகுது. மரக்கன்று நட்டு ஃபோட்டோ எடுக்கிறதோட, இந்தத் தடவை ஒரு இயன்முறை சிகிச்சையாளரையும் கூட்டிட்டுப் போவோம். நம்மள்ல மெக்கானிக்கல் படிக்கிறவங்க குனியாமக் களை எடுக்கிற நீளக்கைப்பிடிக் கருவியை ஃபைனல் இயர் ப்ராஜெக்டா எடுக்கலாம். பத்தோட பதினொண்ணா இன்னொரு லைன் ஃபாலோயர் ரோபோவைவிட இதுக்கு மார்க் குறையாது.

கேம்ப்ல அந்த அக்காமாரு முன்னாடி நின்னு "எந்தத் தசை?"ன்னு கேள்வி வந்தா, தயவுசெஞ்சு 'குளூட்ஸ்'னு சொல்லி ஒளிஞ்சுக்காதீங்க. அவங்க சொல்ற வார்த்தையிலயே சொல்லுங்க. அவங்க சிரிப்பாங்க, நீங்களும் சிரிங்க, அப்புறம் பாயை விரிங்க.